மச்சான் மங்கலாக வந்த படம்

ஆலாப் பறவையை நான் படமெடுத்தால் வானம் மட்டும் அருமையாக வரும், சார். பறவை அதற்குள் பறந்து போயிருக்கும். அதிர்ஷ்டம் இருந்தால் வால் நுனி கிடைக்கும். தொழிலில் நான் பல் மருத்துவன். கடைவாய்ப் பல்லைப் பிடுங்கும்போது நடுங்காத கை, கேமராவைத் தொட்டால் உதறத் தொடங்கிவிடும்.

மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன், அந்த வெற்று வானங்களை ஃபிரேம் போட்டு என் வீட்டுக் கூடத்திலேயே மாட்டினார். வருகிறவர்களிடமெல்லாம், "மாப்ள எடுத்தது. பறவை இப்பத்தான் எழுந்து போச்சு. உக்காருங்க, வந்துரும்" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். வயிறு பற்றி எரியும்.

தங்கமான மனிதர், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். கடலோரப் பாறை உச்சியில் ஆலாக்கள் முட்டையிட்டிருக்கின்றன என்றதும் என் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்தார். கூட்டுக்கு அருகே யார் போனாலும் அவை தலையைக் கொத்தப் பாயும்.

"தொப்பியக் கழட்டுங்க மச்சான், அப்பத்தான் கிட்ட வரும்."

"பொண்ணத்தான் குடுத்தோம், மண்டையையும் குடுக்கணுமா?" என்றபடி கழற்றினார். பளபளவென்ற வழுக்கை.

என் கேமராவுக்குப் பறக்கிற பறவையைவிட நிற்கிற மண்டைதான் பிடித்தது. எல்லாப் படத்திலும் வழுக்கை துல்லியம், பறவை வெள்ளைக் கறை. கேமராத் திரையை எட்டிப் பார்த்துவிட்டு, "இதையும் மாட்டிரலாம் மாப்ள" என்று சிரித்துக்கொண்டே தன் இடத்துக்குத் திரும்பினார்.

"இன்னும் ஒரு அடி பின்னால போங்க மச்சான்."

"எடம் இருக்கா?"

"தாராளமா."

இல்லை. வெளிச்சம் எப்படி விழும் என்று பார்க்க முதல் நாளே வந்து, அதே விளிம்பில் நின்று எட்டிப் பார்த்திருந்தேன். கீழே பாறையும் அலையும்தான்.

திரும்பிப் பார்க்காமல் பின்னால் கால் வைத்தார். நான் பொத்தானிலிருந்து விரலை எடுக்கவில்லை. கை கொஞ்சமும் நடுங்கவில்லை, சார்.

அந்தப் படம்தான் உங்கள் மேசைமேல் இருக்கிறது. ஆலாவின் கண்கூடத் தெரிகிறது பாருங்கள். ஃபிரேம் போட்டுக் கூடத்தில் நானே மாட்டினேன். என் மனைவி பறவையைப் பார்க்கவே இல்லை. மூலையில் மங்கலாக இருந்த கையைப் பார்த்தாள், உங்களுக்கு ஃபோன் செய்துவிட்டாள்.

ஆனால் திட்டமிட்டுச் செய்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள். திட்டமிட்டிருந்தால் ஷட்டர் வேகத்தை இன்னும் கூட்டி வைத்திருப்பேனே. மச்சானும் தெளிவாக வந்திருப்பார்.