தேய்க்கக் கூடாத ஊசி

பொழுது சாய்ந்து ஆறரை மணி இருக்கும். அப்பா தேயிலைத் தோட்டத்து லய வீட்டு வாசலில் லீக்ஸ் தண்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தார். "டேய், இந்தத் தண்டப் பாரு... ஒங் கால விடத் தடிப்பு" என்று என்னைக் கேலி செய்தார். அடுத்த நிமிஷம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்தார்.

வட்டகொடை ரோட்டில் எங்கள் ஆட்டோவைத் தவிர வேறு வெளிச்சமே இல்லை. பனி... நடுவழியில் அப்பா என் பக்கம் ஒதுங்கினார்.

"அம்மாவுக்கு எடம் விடு."

அம்மா பூரணி இறந்து இரண்டு வருஷம்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் பொறுமையாகச் சொன்னார். இதயக் குழாயில் ரத்தம் உறையப் பார்க்கிறது. உறையாமல் வைக்க இரண்டு வழி. சேலைன் மாதிரி மருந்தை இரவும் பகலும் நரம்பில் ஏற்றலாம். அதற்கு அடிக்கடி ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். அல்லது காலையும் மாலையும் தொப்புள் பக்கத்தில் ஓர் ஊசி. ஊசிதான் போட்டார்கள்.

"தேய்க்கவே கூடாது தம்பி. தேய்ச்சா உள்ளுக்கு ரத்தம் கட்டிரும்" என்றார் ஊசி போட்ட நர்ஸ், ஜெயந்தினி மிஸ்.

எங்கள் தோட்டத்தில் ஊசி போட்ட இடத்தைத் தேய்க்காமல் யாரும் விடுவதில்லை. அம்மா தைலம் போட்டு, தோல் சிவக்கும்வரை தேய்ப்பாள்.

விடிந்தபோது அப்பாவின் வயிற்றில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பு. மிஸ் என்னைத் திட்டினார்.

"நான் தொடவே இல்ல மிஸ்."

"அவன் இல்லங்க" என்றார் அப்பா. "அவன் ஆத்தா."

குனிந்தேன்... தைல வாசம்.

அன்றிரவு அப்பாவின் இரண்டு கைகளையும் பிடித்தபடி விழித்திருந்தேன். சர்... சர்... கொழுந்து பறித்துக் காய்த்த கை தோலில் உரசும் சத்தம். போர்வையை விலக்கினேன். வயிறு வட்டமாகக் குழிந்து குழிந்து அசைந்தது.

"போதும்மா... செத்துருவாரும்மா."

நிற்கவில்லை.

காலையில் கறுப்பு விலாவரை பரவியிருந்தது. டொக்டர் ஊசியை நிறுத்தி நரம்பில் ஏற்றச் சொன்னார். "ரத்தம் கசிஞ்சா இத ஒடனே நிப்பாட்டலாம்." எனக்கு நிம்மதியாக இருந்தது. இனி அவள் தேய்க்க வயிற்றில் ஊசி குத்திய இடமே இருக்காது.

இரவு மருந்து ஏற்றும் மெஷின் மினுங்கிக்கொண்டிருந்தது. சர்... சர்... இந்த முறை வயிற்றில் இல்லை. மேலே, நெஞ்சில்.

"வலி விட்டுப்போச்சுடா" என்றார் அப்பா, கண்ணைத் திறக்காமல். பிறகு பேசவில்லை.

மறுநாள் பின்னேரம் சவப்பெட்டியை மூடும் நேரம். அப்பாவின் கையும் காலும் ஐஸ் மாதிரி விறைத்திருந்தன. சட்டைக்குள் கையை விட்டேன்.

நெஞ்சு மட்டும் சூடாக இருந்தது... மூடி விழும்வரை அந்தச் சூடு ஆறவில்லை.