தொடரவும் என்னும் தொற்றுநோய்

இன்று மார்ச் பதினான்கு, சனிக்கிழமை. மணி பதினொன்று இருபது. அரங்கில் இருக்கைகள் முந்நூற்றிருபது, அமர்ந்திருப்போர் எண்பத்தேழு, விழித்திருப்போர் நாற்பத்தொருவர். அந்த நாற்பத்தொருவருக்கும் என் முதல் வணக்கம்!

தலைமை தாங்கும் இதய மருத்துவப் பெருந்தகையே! ஆளுக்கோர் உறுப்பை அழகாய்ப் பங்கிட்டுக்கொண்ட ஆன்றோரே! அத்தனை உறுப்புகளையும் ஒரே உடம்பில் சுமந்து வந்திருக்கும் தாய்மார்களே! வெள்ளைக் கோட்டு இல்லாமல் மேடையேறிவிட்டேன், பொறுத்தருள்க. காரணம் பின்னால் வரும்.

'பொது மருத்துவத்தில் புதிய ஆய்வுகள்' எனக்குத் தந்த தலைப்பு. எனக்கு முன் பேசியவர் ஓர் ஆய்வைக் காட்டினார். அதில் சேர்ந்தவர்களுக்கு ஆளுக்கு ஒரே ஒரு நோய்! அப்படியொரு மனிதரை என் வார்டில் நான் கண்டதில்லை. கண்டால் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வேன். மாத்திரையைத் தொடங்க ஆயிரம் ஆய்வு! நிறுத்த எத்தனை ஆய்வு?

யாரது, பின்வரிசையில் இருமுவது? அடக்கிக்கொள்ளுங்கள் ஐயா. இந்த அரங்கில் ஐந்து பேர் மருந்துச் சீட்டோடு எழுந்துவிடுவார்கள்.

ஒரு தையற்கார அம்மா. வயது ஐம்பத்தெட்டு. மகள் கையைப் பிடித்து அழைத்து வந்தார். மேசையில் பையைக் கவிழ்த்தார். பதின்மூன்று வகை மாத்திரை. அம்மாவுக்கு ஞாபகம் போய்விட்டது, மறதி நோய் என்று நரம்பியலில் எழுதியாயிற்று என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார்:

"ஒரு சட்டைக்கு ரெண்டு கையையும் ஒரே பக்கம் வெச்சுத் தைச்சுட்டாங்க டாக்டர். மெஷினை வித்துடலாம்னு அண்ணன் ஆள் பார்க்கறான்."

அம்மா தலை நிமிரவில்லை. முப்பது வருடம் மிதித்த இயந்திரம் அது.

கோப்பைப் புரட்டினேன். இரத்த அழுத்தத்துக்கு இதயத் துறை ஒரு மாத்திரை தந்தது, கால் வீங்கியது. வீக்கம் வடியச் சிறுநீரகத் துறை ஒன்று தந்தது. அம்மா கழிப்பறைக்கும் கட்டிலுக்குமாய் நடந்தார். நடையை நிறுத்தச் சிறுநீரியல் துறை சிறுநீர்ப்பைக்கு ஒன்று தந்தது. வாய் வறண்டது, புத்தி மங்கியது. மங்கியதற்கு நரம்பியலின் மறதி மாத்திரை! நோய் ஒன்று, நாம் பெற்றெடுத்த பிள்ளைகள் மூன்று!

ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரே சொல்: 'தொடரவும்'. நாற்பத்தாறு இடங்களில் தொடரவும்! கதைக்குத்தான் 'தொடரும்' போடுவார்கள். நாம் காலுக்குப் போட்டோம், சிறுநீர்ப்பைக்குப் போட்டோம், மூளைக்கும் போட்டோம்! ஏன் தெரியுமா? நம் கணினியில் 'தொடரவும்' போட ஒரு பொத்தானைத் தட்டினால் போதும். 'நிறுத்தவும்' என்றால் படிவம், காரணம், மூன்று கையெழுத்து!

தலைவர் கடிகாரத்தைக் காட்டுகிறார். ஐயா, எனக்குத் தந்தது பத்து நிமிடம். நோயாளிக்கு நாம் தருவது நான்கு. நான் கொடுத்து வைத்தவன்.

நான்கு துறைகளுக்கும் படியேறினேன். எங்கள் மாத்திரை சரிதான், அடுத்த அறையில் கேள் என்றார்கள். அம்மாவிடம் விளக்கினேன். கேட்டுவிட்டு அவர் சொன்னார்:

"தையல் கோணினா நாங்க பிரிப்போம் டாக்டர் தம்பி. நீங்க என்னடான்னா மேலேயே தைச்சுக்கிட்டே போறீங்க."

அழுத்த மாத்திரையை வேறு வகைக்கு மாற்றினேன். வாராவாரம் வரவழைத்துப் பார்த்து, அதன் பின்னால் வந்த மூன்றையும் ஒவ்வொன்றாய்ப் பிரித்தேன். ஏழாம் வாரம் அம்மா தனியாக வந்தார். நாள் சொன்னார், கிழமை சொன்னார், என் கோட்டுப் பை கிழிந்திருப்பதையும் சொன்னார். கழற்றி வாங்கிக்கொண்டு போனார். இயந்திரம் விற்கப்படவில்லை!

கை தட்டாதீர்கள். அந்த நாற்பத்தாறில் முப்பத்தோராவது 'தொடரவும்' யாருடையது? போன வருடம், ஒரு புதன்கிழமை, அம்மா என்னிடமும் வந்திருந்தார், கூட்டம் அதிகம். பையைக் கவிழ்க்கச் சொல்லாமலே தட்டினேன். கீழே என் கையெழுத்து!

கேட்டோர்க்கும் கொட்டாவி விட்டோர்க்கும், ஒலிபெருக்கியை இன்னும் அணைக்காத தம்பிக்கும் நன்றி. இனி நான் செய்யப்போவது:

1. அனுமதியின்றி மருந்தை நிறுத்தியதற்கு விளக்கம் கேட்டு வந்த மெமோவுக்குத் திங்கள் காலை எட்டு மணிக்குப் பதில் தருவேன். ஒரே வரி: 'நோயாளி நலம். தையல் தொடரவும்.'

2. என் அறைக்கு வரும் எந்தப் பையையும் கவிழ்க்காமல் பேனாவைத் திறக்க மாட்டேன்.

3. இப்போது இறங்கி நான்காம் வரிசைக்குப் போவேன். அந்த அம்மா அங்கேதான் என் கோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். முப்பத்தோராவது கையெழுத்து யாருடையது என்று அவருக்கே இப்போதுதான் தெரியும். முதலில் மன்னிப்புக் கேட்பேன். கோட்டை அவராகத் தந்தால் வாங்கிக்கொள்வேன். வணக்கம்.