பாதிப் பாட்டில் ஒரு கைதட்டல்

வாளையாரில் லாரிகளுக்கு நடுவே கோவை பஸ் நகராமல் நின்றது. எனக்கு முன் சீட்டில், ஒரே இசைக்குழுவின் படம் போட்ட வெளுத்த டீஷர்ட்களில் ஒரு கணவனும் மனைவியும்.

“ஏனுங்க, இன்னைக்குக் கச்சேரியில நீங்க கைதட்டாதீங்க,” என்றாள் அவள்.

“பன்னெண்டு வருசமா இதையே சொல்லு. வார்த்தையே இல்லாத பாட்டு. இருவது நிமிசம் வாசிச்சு சட்டுனு நிறுத்துனா, முடிஞ்சுதுன்னுதான நெனப்பேன்?”

“பாதிப் பாட்டுல நீங்க ஒருத்தர் மட்டும் தட்டுனீங்க. எனக்கு மானமே போச்சு.”

“அன்னைக்கு வாசிச்சதையே பதிவு பண்ணி ஆல்பம் போட்டப்ப, என் கைதட்டல அவங்க வெட்டாம அப்படியே வெச்சுட்டாங்களே. இப்ப எந்த ஊர்ல வாசிச்சாலும் அந்த எடத்துல கூட்டமே தட்டுது.”

“அதுக்குத்தான் சொல்றனுங்க. இன்னைக்கு சும்மா இருங்க. நீங்க தட்டுனத ஊரே தட்டும்போது, ஒருக்கா உக்காந்து கேக்கலாம்.”