கொழும்புக்குப் போய்வந்த முட்டைகள்

வவுனியாவிலிருந்து மாங்குளம் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பேர். ஜன்னலோரம் இருந்தவர் சொன்னது காதில் விழுந்ததும் கையிலிருந்த பேப்பரை மடித்துவிட்டேன்.

"என்ரை கோழியின்ரை முட்டையள் கொழும்புக்குப் போய் வந்திருக்குது, தம்பி."

"விக்கவோ அண்ணை?"

"இல்லை. காரை சேர்விஸ் செய்யக் கொழும்புக் கொம்பனிக்குக் கொண்டு போனனான். அதுக்கு முதல், கார்க் கொட்டிலுக்குள்ளை நாலைஞ்சு நாள் டிக்கி திறந்து கிடந்த நேரம், ஸ்பெயார் வீலின்ரை பள்ளத்துக்குள்ளை கிடந்த வைக்கலிலை கோழி முட்டையிட்டிருக்குது. எனக்குத் தெரியாது."

"கொம்பனிக்காரர் காணேல்லையோ?"

"ஸ்பெயார் வீலையும் கழட்டிக் காத்தடிச்சு, டிக்கியும் துடைச்சனாங்கள் எண்டு சொல்லித்தான் கார்த் திறப்பைத் தந்தவை. வீட்டை வந்து பாக்கிறன், வைக்கலும் அப்பிடியே, முட்டையும் அப்பிடியே. ஒண்டும் உடையேல்லை."

"வடிவான சேர்விஸ்."

இருவரும் குலுங்கிச் சிரித்தார்கள். டிக்கெட் கிழிக்க வந்த கொண்டக்டரும் சேர்ந்து சிரித்தார்.

"அது சரி, கார் இருக்க ஏன் அண்ணை பஸ்ஸிலை வாறியள்?"

"கோழி இப்ப டிக்கிக்குள்ளை அடை கிடக்குது. கொம்பனிக்காரரே தொடாத இடத்தை நான் ஏன் தொடுவான்?"