கடிக்கிற மீனை வெளியே எடுப்பது

என் தொட்டியில் ஆறு டைகர் பார்ப் மீன்கள் இருந்தன. அவற்றில் ஒன்றின் வால் மட்டும் ஏன் கிழிந்துகொண்டே போகிறது என்பது இரண்டு மாதமாக எனக்குப் பிடிபடவில்லை. மஞ்சள் உடம்பில் கறுப்புப் பட்டை போட்ட, அரை விரல் நீள மீன்கள் அவை. கூட்டமாகவே திரியும், ஒரு நிமிடம் சும்மா இருக்காது. நான் லிஃப்ட் மெக்கானிக். ஒரு கோளாறின் காரணம் தெரியாவிட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது.

தினமும் வேலைக்குப் போகுமுன் அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன். கடித்தது ஒன்றே ஒன்றுதான், இருப்பதிலேயே பெரியது. அதைப் பத்து நாள் வேறு தொட்டியில் வைத்தேன். இங்கே கற்களையும் செடிகளையும் இடம் மாற்றினேன். இதன் சூட்சுமம் எளிது. எங்கே ஒளியலாம், எங்கே தீனி விழும் என்று தெரிந்திருப்பதுதான் அந்த மீனின் அதிகாரம். இடம் மாறிவிட்டால், திரும்பி வருவது ஒரு புது மீன். விட்டதும் அது ஓரமாக ஒண்டிக்கொண்டது.

அக்கா எங்களோடுதான் இருந்தாள். அறுபத்திரண்டு வயது. அப்பா அம்மா போனபின் கல்யாணம் செய்துகொள்ளாமல் என்னை ஆளாக்கியவள். கூடத்தில் அவள் கட்டில், இடுப்பில் வீட்டுச் சாவிக்கொத்து.

"மீனுக்கு வேளாவேளைக்குத் தீனி போடுவான் உங்கப்பன். பொண்டாட்டி சாப்பிட்டாளான்னு கேட்டிருக்கானா?" என்பாள் என் மகளிடம். மனைவியிடம், "ஏம்மா, இந்தப் பாத்திரத்தைத் தேய்ச்சியா, தடவிக் குடுத்தியா?" என்பாள். மகள் சிரிப்பாள். மனைவி கதவைச் சாத்திக்கொண்டு அழுவாள்.

கண் அறுவை சிகிச்சை முடிந்ததும் அக்காவைப் பத்து நாள் சித்தி மகள் வீட்டில் விட்டேன். அதற்குள் கட்டிலைப் பின்னாலிருந்த சாமான் அறைக்கு மாற்றினேன். அலமாரிகளை மாற்றினேன். சாவியை மனைவியிடம் கொடுத்தேன். அக்கா எது கேட்டாலும் பதில் சொல்ல வேண்டாம் என்று மனைவி, மகள் இருவரிடமும் சொல்லிவைத்தேன்.

"என் கட்டில் எங்கடா, தம்பி?"

"பின்னாடி, அக்கா. அங்கதான் சத்தமில்லாம இருக்கும்."

"யாரைக் கேட்டு மாத்தினே?"

யாரும் பேசவில்லை. தன் டம்ளரைத் தேடி மூன்று அலமாரிகளைத் திறந்தாள். ஒரு வாரத்தில் அவள் பேச்சு நின்றது.

ஆனால் ஒன்றை நான் எதிர்பார்க்கவில்லை. அதிகாரம் போன மீனை மற்றவை கடிக்கும். "ஆபரேஷன் பண்ணியும் டம்ளர் கண்ணுக்குத் தெரியலையா, அண்ணி?" என்றாள் மனைவி. "அத்தை, அது என் நாற்காலி," என்றாள் மகள். கடிபடும் மீனைத் தடுப்புப் போட்டுத் தனியே வைக்க வேண்டும். பகலில் அக்காவின் அறையை வெளியிலிருந்து பூட்டினேன். ஓய்வுக்காக என்று சொன்னேன்.

பிறகு குடும்பத்தோடு ஒன்பது நாள் கடற்கரைப் பயணம் வந்தது. மீன் வளர்ப்பவர்களுக்குத் தெரியும், ஊருக்குப் போகும்போது தீனியைக் கொட்டிவிட்டுப் போகக் கூடாது. தண்ணீர் கெட்டுப்போகும். நன்றாக வளர்ந்த மீன் பத்து நாள் பட்டினி தாங்கும். அக்காவை முந்தின இரவே சித்தி மகள் வீட்டில் விட்டுவிட்டதாக மனைவியிடம் சொன்னேன். அவளும் மகளும் காரில் ஏறிய பிறகு, இரண்டு பாட்டில் தண்ணீரும் ஒரு பிஸ்கட் பொட்டலமும் அந்த அறைக்குள் வைத்துப் பூட்டினேன்.

கதவுக்குப் பின்னாலிருந்து, "எப்போடா வருவே?" என்று கேட்டாள்.

"வந்துடுவேன், அக்கா."

"மீனுக்கு யாரு தீனி போடுவா?"

"அது தாங்கும்," என்றேன்.

திரும்பி வந்தபோது ஆறு மீன்களும் நன்றாகவே இருந்தன.

தெரியாமல் நடந்ததா என்று கேட்கிறீர்கள். இல்லை. மனிதர் பசி தாங்குவார், தாகம் தாங்கமாட்டார். இரண்டு பாட்டில் ஒன்பது நாளுக்குக் காணாது என்பதும் எனக்குத் தெரியும். பூட்டியது நான்தான். அந்த அறையின் சாவி அத்தனை நாளும் என் சட்டைப் பையில்தான் இருந்தது. கடற்கரையில் இரண்டு முறை அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள், நான் கூப்பிட்டால் போனை எடுப்பதில்லை. ஆனால் கோளாறு சரியாகிவிட்டது. இப்போது அந்த வீட்டில் யாரும் யாரையும் கடிப்பதில்லை.