காத்துல மூணு ஷீட்டு

இன்னாமே அநியாயமா கீது, கட்ன பொண்டாட்டி சோறு கொண்டாந்தா போலீசு ஸ்டேசன் உள்ள வுட மாட்டானாம். குந்துமே, குந்து. நீயும் உன் ஆளப் பாக்கத்தான் வந்துகிறியா... சரி, கூப்புடற வரைக்கும் பேசிகினு இருக்கலாம். நா செல்லம்மா, ராயபுரம். என் வூட்டுக்காரு சுப்புராயன், ஹார்பர்ல சரக்கு தூக்கற விஞ்ச்சு ஓட்றாரு.

எனுக்கு இங்கிலீசு வரும், தெரியுமா? வெள்ளக்காரன் ஊருக்குப் போற வரைக்கும் தொர பங்களாவுல பன்னெண்டு வருசம் ஆயா வேல. நம்ம சுருட்ட அவன் 'செரூட்டு'ன்றான். கட்டுமரத்த 'கேட்டமரான்'ன்றான். மொளகுத்தண்ணில கறியப் போட்டு 'மல்லிகட்டானி சூப்பு'ன்னு குடிக்கிறான். அல்லாம் நம்ம வார்த்தமே, அவன் வாய்ல பூந்து நெளிஞ்சு பூட்ச்சு. நானே எத்தினி வாட்டி ஆக்கிப் போட்டுகிறேன், அந்தத் தொரசானி இன்னொரு கரண்டி, இன்னொரு கரண்டின்னு... எங்க வுட்டேன்?

ஆங், முந்தாநேத்து. வெள்ளக்காரக் கப்பலு ஒண்ணு வந்து தகர ஷீட்டு எறக்கிகினு கீது. நா சாப்பாடு எட்துகினு ஹார்பர் கேட்டாண்ட போறேன், இவரு மூட்ட மேல சாஞ்சுகினு கண்ணு சொருகிப் போயி கீறாரு. கப்பல் ஆபீசரு ஒருத்தன் இவரக் காட்டி, அங்க டூட்டில இருந்த ஏட்டு குணசேகரன்கிட்ட இன்னாவோ சொல்றான். 'த்ரீ ஷீட்ஸ் இன் தி விண்ட்'. ஏட்டுக்கு இங்கிலீசு வராது. சுத்தி முத்திப் பாக்கறாரு. நா சும்மா இருந்துருக்கலாம். இருந்தனா? "காத்துல மூணு ஷீட்டு பூட்ச்சாம் சார்"னேன்.

தகரம் எப்டி காத்துல போவும், இந்த ஆளுதான் தள்ளிகினு பூட்டான்னு ஏட்டு இவர ஷெட்டுல குந்த வெச்சிட்டு எண்ண ஆரம்பிச்சாரு. ஆயிரத்து எட்நூத்தி சொச்சம் ஷீட்டு. பாவம், அந்த மனுசனுக்கு ஜலதோசம் வேற, மூக்கு அடச்சிகினு கீது. பொயுது சாயற வரைக்கும் எண்ணுனாரு. ஒண்ணு கூட கொறயல. மன்ச்சுக்கப்பான்னு சொல்லி வூட்டுக்கு அனுப்ட்டாரு.

வூட்டுக்கு வந்தப்பறம்தான் இவரு சொல்றாரு, கப்பக்காரன் எவனோ ரம்மு குட்த்தானாம். மதுவெலக்கு வந்து இத்தினி வருசமாவுது, இந்த வாய மட்டும் கட்ட முடில.

நேத்து பக்கத்து வூட்டு உசேன் பாய்கிட்ட சொன்னேன். கப்பல்ல இருவது வருசம் வேல பாத்தவரு. வயித்தப் புட்ச்சுகினு சிரிக்கிறாரு. ஷீட்டுன்னா தகரம் இல்லியாம், துணி இல்லியாம். கவுறாம். பாய்மரக் கப்பல்ல பாயோட முனைய இஸ்து கட்ற கவுறு. மூணு கவுறும் அவுந்து காத்துல பறந்தா கப்பலு இப்டியும் அப்டியும் தள்ளாடும்ல, அத்த வெச்சுத்தான் குடிச்சவன அப்டி சொல்றதாம்.

எனுக்கு ஒடம்பே சிலுத்துகிச்சுமே. கவுறு பாரேன். பங்களாவுல பன்னெண்டு வருசம் பெட்டு ஷீட்டு மடிச்ச எனுக்கே தெர்ல. இத்த யார்கிட்டயாச்சும் சொல்லலன்னா சோறு எறங்காது. இவருகிட்ட சொன்னா மூஞ்ச திருப்பிகினு படுத்துக்கறாரு.

அதான் காலைல எயுந்து போயி சொல்ட்டு வந்தேன்.

யார்கிட்டயா? ஏட்டுகிட்டதான். அந்த வார்த்தைய என்கூட நின்னு கேட்டவரு அவரு ஒருத்தருதானே. நா சொன்ன அர்த்தம் தப்பு, திருத்த வாணாமா? அவரும் நல்லாதான் கேட்டுகினாரு. 'அப்டியா செல்லம்மா, கப்பலு தள்ளாடுமா'ன்னாரு. 'அன்னிக்கு உன் ஆளு இன்னா குட்ச்சாரு'ன்னாரு. ரம்முன்னேன். 'மீதி கீதா'ன்னாரு. அரிசிப் பானைக்குப் பின்னால பாதி புட்டி கீதுன்னேன். பேச்சு வாக்குல வந்துட்ச்சுமே.

இப்பதான் லாக்கப்பு ஜன்னலாண்ட போயி இவரக் கூப்ட்டேன். "இன்னொரு இங்கிலீசு வார்த்த பேசுன, நா இங்கியே இருந்துக்கறேன்"ன்னாரு.

எங்கமே எயுந்துட்ட? உன் ஆளு எதுக்கு உள்ள கீறாருன்னு சொல்லவே இல்லியே... சொல்லுமே. நா யார்கிட்ட சொல்லப் போறேன்?