தன் ஊருக்காக இருமுறை ஏங்கியவள்

அவையை நடத்தித் தரும் தலைவர் தோயாபி அவர்களே, அவர் அருகே அமர்ந்திருக்கும் பெரியோர்களே, இந்த மண்ணில் நமக்கும் இடம் விட்டுத் தந்த பானக் இனத்து உறவுகளே, சால்மன் ஆற்றங்கரையை விட்டு என்னோடு தெற்கே நடந்து வந்த என் மக்களே, எல்லோருக்கும் வணக்கம்.

இறந்தவரின் பெயரை இவ்வளவு சீக்கிரம் வாய்விட்டுச் சொல்வது நம் வழக்கமில்லை. தலைவரிடம் கேட்டுக்கொண்டுதான் சொல்கிறேன். யம்பா. ஷோஷோனி மக்களின் நாவாக வாழ்ந்த யம்பா அம்மையார். என் கணவர் குவினாவின் ஒரே தங்கை, என் நாத்தனார்.

எருமை வேட்டைக்குப் போன இடத்தில் எதிரிகள் நம் கூடாரங்களைத் தாக்கி, சிறுமியாக இருந்த அவளைத் தூக்கிப்போனார்கள். கிழக்கே பெரிய ஆற்றோரம், யாரோ வீட்டில் வளர்ந்தாள். பிறகு பசீல் என்ற தோல் வியாபாரிக்கு மனைவியானாள். அந்த ஆற்றோரக் கோட்டைக்கு வந்துபோன வெள்ளைக்காரர்களின் பேச்சையும் கற்றுக்கொண்டாள். நம் பேச்சு மறந்துவிடக் கூடாதே, அதற்கு என்ன செய்தாள்? தோலைச் சுரண்டிக்கொண்டே, எதிரில் அண்ணன் உட்கார்ந்திருப்பதுபோல அவனிடம் பேசுவாளாம். "பைத்தியம்னு சொன்னாங்க அண்ணி. சொல்லிட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்" என்று என்னிடம் சிரிப்பாள்.

அப்போதுதான் மலைகளைத் தாண்டி மேற்கே வழி தேடி ஒரு கேப்டன் ஆட்களோடு புறப்பட்டார். பசீலைக் கூலிக்கு அமர்த்தினார். நம் மொழி தெரிந்தவள் என்பதால் யம்பாவும் வேண்டும் என்றார். கையில் பால்குடிக்கும் மகன். ஏன் போனாள்? கேப்டனுக்காகவா, கணவனுக்காகவா? அவர்கள் போகிற திசையில் அவள் வீடு இருந்தது. அதற்காகப் போனாள்.

அவள் வந்து சேர்ந்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. நான் புது மணப்பெண், பழங்களை இடித்து வெயிலில் பரப்பிக்கொண்டிருந்தேன். அந்நியர்களைக் கண்டு நம் ஆண்கள் வில்லை எடுத்துவிட்டார்கள். குழந்தையோடு ஒரு பெண் மட்டும் முன்னால் நடந்து வந்தாள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். குவினாவின் எதிரே நின்றாள்.

"அண்ணே, காதுல அந்தத் தழும்பு இன்னும் இருக்கே. நான் கல்லால அடிச்சது."

என் கணவர் அந்தத் தழும்பைத் தொட்டுப் பார்த்தார். தன் போர்வையை எடுத்து அவள்மேல் போர்த்தினார்.

"அம்மா எங்கேண்ணே?" என்று கேட்டாள்.

குவினா புதைமேட்டுப் பக்கம் கையைக் காட்டினார். புரிந்துகொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். கேப்டன் தன் பேச்சைத் தொடங்க மறுநாள்வரை காத்திருந்தார்.

அவருக்குக் குதிரைகள் வேண்டும். நமக்கோ பசி; அந்தக் குதிரைகளில்தான் வேட்டைக்குப் போகவேண்டும். "இவங்க நம்மளை ஏமாத்திட்டா?" என்று கேட்டார் குவினா. "குளிர் வந்துட்டா இந்த மலையிலயே செத்துடுவாங்கண்ணே. அதுவும் உண்மை. எல்லாத்தையும் கொடுத்துட்டா நாம சாவோம். அதுவும் உண்மை. பாதி கொடு" என்றாள். இரு பக்கமும் இதையே சொன்னாள். பாதிக் குதிரைகள் போயின. நாமும் பிழைத்தோம், அவர்களும் பிழைத்தார்கள்.

மலைக்கு அப்பாலும் அவள் பேச்சு அவர்களுக்குத் தேவைப்பட்டது. "இப்பதானே வந்தே, போகாதே" என்று அண்ணன் கெஞ்சினார். "வரேன்னு சொல்லிட்டேண்ணே. அந்தப் பக்கம் விட்டுட்டுத் திரும்பிடுறேன்" என்று போனாள். நாங்கள் நம்பவில்லை. பனி கரைந்த பிறகு, மகனைச் சுமந்துகொண்டு தனியாக நடந்து வந்தாள்.

"புருஷன் எங்கேடி?" என்றேன்.

"அவருக்கு மேற்கு வேணுமாம் அண்ணி. எனக்கு நீங்க வேணும்."

அந்த மகன்தான் இதோ, தலைநரைத்து முன்வரிசையில் அமர்ந்திருக்கிறான்.

அதே பாதையில் பின்னால் வெள்ளைக்காரர்களின் வண்டிகள் வந்தன, வேலிகள் வந்தன. அவளைப் பழித்தவர்கள் உண்டு. மீன் பிடிக்கும் துறையில் ஒருத்தி முகத்துக்கு நேரே சொன்னாள்: "உன் விருந்தாளிங்க வந்திருக்காங்க. போய்ப் பேசு." யம்பா கையைக் கழுவிக்கொண்டு போய்ப் பேசினாள். அன்றிலிருந்து நமக்காகப் பேசுவதே அவள் வேலையாயிற்று. வழி கேட்டவருக்கு வழி சொன்னது குற்றமா? வந்தவர் வேலி போட்டதற்கு அவளா பொறுப்பு? மனசாட்சியைக் கேட்டுப் பாருங்கள்.

பள்ளத்தாக்கை விட்டு நாம் போகவேண்டும் என்று அதிகாரி வந்து உத்தரவு படித்த நாளை மறந்தவர் இங்கே உண்டா? அதை நம் மொழியில் சொல்லவேண்டியவள் அவள். பிள்ளைப் பருவமெல்லாம் அந்த ஊருக்காக ஏங்கியவள் வாயால் அதைச் சொல்லவைத்தார்கள். ஒரு சொல் குறைக்காமல் சொன்னாள். பெண்கள் அழத் தொடங்கினார்கள். என்ன சொல்கிறார்கள் என்று அதிகாரி கேட்டார். அவர் மொழியில் யம்பா தந்த பதிலைப் பிறகு என்னிடம் சொன்னாள்: "இவங்க அழறது உங்களுக்கே புரியும். அதை நான் சொல்ல வேண்டியதில்ல."

இங்கே வந்த பிறகு குறை சொன்னதே இல்லை. அதிகாரிகள் அளந்து தரும் மாவைத் தின்றாள். ஆனால் வடக்கிலிருந்து காற்று வந்தால், கையில் இருக்கும் வேலையை விட்டுவிட்டு எழுந்து நிற்பாள்.

"என்னடி, உங்க அண்ணன் கூப்பிடுறாரா?" என்று கேலி செய்வேன். அவர் அந்த வடக்கு மண்ணில்தான் அடங்கியிருக்கிறார்.

"நம்ம ஆத்துல மீன் ஏறுற நேரம் அண்ணி" என்பாள்.

கோடைதோறும் அதிகாரிகளின் அலுவலகத்துக்குப் போய், மீன் பிடிக்க நம்மை வடக்கே அனுப்பும்படி கேட்பாள். சில ஆண்டு விட்டார்கள், சில ஆண்டு விடவில்லை. கேட்பதை அவள் விடவில்லை.

படுக்கையில் விழுந்தபோது, "உன்னை அங்கேயே கொண்டுபோய் அடக்கம் பண்றோம்" என்று மகன் சொன்னான். அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "செத்தவளைத் தூக்கிட்டுப் போய் என்ன பண்ணப்போறே? உசிரோட இருக்கிறவங்களைக் கூட்டிட்டுப் போ."

என் மக்களே, அவளை இந்த மண்ணில்தான் வைத்திருக்கிறோம். அவள் விட்டுப்போன வேலையை நாம் எடுத்துக்கொள்வோம். நாளைக் காலை அந்த அலுவலக வாசலில் நான் நிற்பேன். வர விரும்புகிறவர்கள் என் பின்னால் வந்து நில்லுங்கள். போய் வா, யம்பா.

அந்த அதிகாரிகளின் மொழியில் அவள் எனக்குக் கற்றுத்தந்தது ஒரே ஒரு சொல். வீடு. அதைச் சொல்வேன். அவர்களுக்குப் புரியும்வரை சொல்வேன்.